துணி போர்த்திய டேஷ்போர்டு: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

பழைய கார் என்றதும் மெருகேற்றிய மரப்பலகையும் வெடித்த வினைலும்தான் நினைவுக்கு வரும். துணி போர்த்திய டேஷ்போர்டுகளும் அக்காலத்தில் வந்தன. 1968இல் வெளிவந்த ஃபெராரி டேடோனாவிலும், அடுத்த ஆண்டு வந்த டினோ 246இலும் டேஷ்போர்டின் மேற்பரப்பில் ஒட்டப்பட்டிருந்த குட்டை மயிர்த் துணியைச் சேகரிப்பாளர்கள் இன்றும் எலிமயிர் என்றே குறிப்பிடுகிறார்கள். 1980இல் வந்த முதல் ஃபியட் பாண்டாவில் டேஷ்போர்டின் நீளத்துக்குத் துணி போர்த்திய திறந்த பை ஒன்று ஓடுகிறது. 1985இல் வந்த ஆட்டோபியாங்கி ஒய்10, மான்தோல் போன்ற செயற்கைப் பொருளான அல்காந்தராவை டேஷ்போர்டு வரை கொண்டுவந்தது. பந்தயத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட பல கார்களில் ஃபிளாக் எனப்படும் நுண்ணிழைப் பூச்சு உண்டு. அழகுக்காக மட்டும் இவை வைக்கப்படவில்லை. டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளியை உள்வாங்கிக்கொள்வதே இவற்றின் முதல் வேலை.

ஒளியை உள்வாங்கும் பரப்பு தூசியையும் எண்ணெய்ப் பசையையும் ஈரத்தையும் அதே போல உள்வாங்கும் என்பதுதான் சிக்கல். இழை, அதைத் தாங்கும் நெசவு, சில கார்களில் மெல்லிய ஃபோம், பிறகு பசை, கடைசியில் அடிப்பலகை என்று மேலிருந்து கீழாக ஐந்து அடுக்குகள் வரை இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியும் கோளாறு மேல் அடுக்கில் இருந்தாலும் அதன் காரணம் பெரும்பாலும் கீழே ஏதோ ஓர் அடுக்கில் இருக்கும். ஆகவே எந்த அடுக்கு கெட்டிருக்கிறது என்று தீர்மானிக்கும் வரை சோப்பு நீரைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது.

தொடங்கும் முன்

பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். மீட்டர்களுக்கும் சுவிட்சுகளுக்கும் பின்னால் ஓடும் பழைய வயர்களின் உறை பல இடங்களில் விரிசல் விட்டிருக்கும். ஒரு சொட்டு நீரோ, தவறி விழும் திருகோ ஷார்ட் ஏற்படுத்தப் போதும். 1980களின் இறுதிக்குப் பின் வந்த காராக இருந்து ஏர்பேக் இருந்தால், அதன் மூடியைக் கழற்றும் வேலையை அத்துறை தெரிந்தவரிடமே விட வேண்டும்.

அடுத்து, துணி எவ்வகை என்று பார்க்க வேண்டும். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் ஊடும் பாவுமோ, பின்னல் கண்ணிகளோ தெரிந்தால் அது நெய்த அல்லது பின்னிய துணி. நெசவு எதுவும் இல்லாமல், இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பசையில் நட்டு வைத்தாற்போல நின்றால் அது ஃபிளாக். இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்குண்டு, தடவினால் மான்தோல் போல மென்மையாக இருந்தால் அது அல்காந்தரா வகை. ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ 1970இல் உருவாக்கிய இப்பொருளில் ஏறத்தாழ 68 விழுக்காடு பாலியெஸ்டரும் 32 விழுக்காடு பாலியூரித்தேனும் உள்ளன. இந்த விகிதம் நினைவில் இருக்கட்டும்: பாலியெஸ்டர் பெரும்பாலானவற்றைத் தாங்கும், ஆனால் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பாலியூரித்தேன் கடுமையான கரைப்பான்களைத் தாங்காது.

பிறகு இரண்டு சோதனைகள். க்ளோவ் பாக்ஸ் மூடியின் உட்புற மடிப்பைப் போன்ற மறைவான இடத்தில், பயன்படுத்தப் போகும் திரவத்தில் நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எடுத்தால் சாயம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, வெயில் அதிகம் படும் கண்ணாடியோரத்தில் ஒரே ஒரு நூலை ஊசி முனையால் கிளப்பி மெல்ல இழுத்துப் பார்ப்பது. நூல் விறைப்பாக எதிர்த்து நின்றால் துணியில் உயிர் இருக்கிறது. பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டினால் ஒளியும் வெப்பமும் இழையை உள்ளுக்குள் அரித்து முடித்துவிட்டன; அந்தத் துணியைத் துவைக்கும் பேச்சுக்கே இடமில்லை, கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

டேஷ்போர்டு முழுவதும் மங்கிக் கிடக்கிறது. அழுக்கா வெளுப்பா என்று தெரியவில்லை

தொலைவிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தோன்றும். உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி, ஸ்பீக்கர் வலையையோ மீட்டர் கூண்டின் ஓரப் பட்டையையோ கழற்றுவது. பட்டை இருந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அடர் கறுப்பாகத் துணி தெரியும். அதை ஒட்டியே காப்பிப் பொடி நிறத்தில் மீதிப் பரப்பு இருக்கும். ஆலை விட்டு வெளிவந்த நாளின் நிறம் அந்த ஒரு விரல் அகலம்தான். இப்போது வெளுத்துத் தெரியும் பக்கத்தில் ஈரப்படுத்திய வெள்ளைத் துணியால் ஒரே ஒருமுறை ஒற்றி எடுக்க வேண்டும். துணியில் சாம்பல் நிற அழுக்கு ஏறி, ஒற்றிய இடம் உலர்ந்த பிறகும் சற்றுக் கறுத்தே நின்றால் அது அழுக்கு. ஈரமாக இருக்கும்போது மட்டும் கறுத்து, உலர்ந்ததும் மீண்டும் பழுப்புக்கே திரும்பினால் அது சாய வெளுப்பு.

அழுக்குதான் என்றால் வேலையில் பாதி உலர்நிலையிலேயே முடிய வேண்டும். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைக் கிளப்பி, வேக்குவம் கிளீனரின் வாயை அருகில் பிடித்து, அதன் மேல் மெல்லிய வலைத்துணி ஒன்றைக் கட்டி, இழுவிசையைக் குறைத்து வைத்து உறிஞ்ச வேண்டும். இதை ஒரே திசையிலும் பின் எதிர்த் திசையிலும் பொறுமையாகச் செய்தால், பலர் சோப்பால்தான் போகும் என்று நினைக்கும் மங்கலில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். தூசி இருக்கும்போதே நனைத்தால் அது சேறாகி நெசவுக்குள் இறங்கிவிடும். பிறகு அதை வெளியே கொண்டுவருவது மிகக் கடினம்.

எஞ்சியதற்கு, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லிலிட்டர் மென்மையான, நிறமும் மணமும் சேர்க்காத திரவ சோப்பைக் கலந்து நுரை பொங்க அடித்து, அந்த நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். நீரை நேரடியாகத் துணியில் தெளிக்கக் கூடாது. இரண்டு கை அகலப் பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு, நுரையைப் பரப்பி, மெல்ல ஒற்றி, பிழிந்த ஈரத்துணியால் இரண்டு முறை சோப்பைத் துடைத்து, உலர்ந்த மைக்ரோஃபைபரால் அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். துணியில் தங்கிவிடும் சோப்பு தூசியை முன்னைவிட வேகமாகப் பிடிக்கும் என்பதால் இரண்டாவது துடைப்பைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது.

சாய வெளுப்பு என்றால் எந்தச் சோப்பும் உதவாது. சன்னலை மூடியே வைத்திருந்த காரில் எப்படி வெளுத்தது என்ற கேள்வி எழலாம். இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் முன்கண்ணாடி புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வெப்பமும் சேர்ந்தே சாயத்தைக் கெடுக்கப் போதுமானவை. சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய ஒற்றைத் தகடான பழைய டஃபன்ட் முன்கண்ணாடியும், பக்கக் கண்ணாடிகளும் புற ஊதாக் கதிரின் நீண்ட அலைப் பகுதியைப் பெருமளவு உள்ளே விடுகின்றன. மீண்டும் நிறமேற்றுவதிலும் ஒரு தடை உண்டு: பாலியெஸ்டருக்கும் நைலானுக்கும் உரிய சாயங்கள் பிடிக்கக் கொதிநிலையை நெருங்கிய சூடு தேவை; அதைப் பலகையில் ஒட்டிய துணிக்குக் கொடுக்க வழியில்லை. கடைகளில் ஸ்பிரேயாகக் கிடைப்பவை சாயமல்ல, அக்ரிலிக் பிணைப்பில் கலந்த நிறமி. தட்டையாக நெய்த துணியில், மெல்லிய பூச்சுகளாக அடித்து, ஒவ்வொரு பூச்சும் உலரும் முன் பிரஷ்ஷால் இழைகளைப் பிரித்துவிட்டால் ஓரளவு நன்றாகவே வரும். மயிர்த் துணியிலோ ஃபிளாக்கிலோ அடித்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, பார்வைக்கும் தொடுவதற்கும் மலிவாகிவிடும். அப்படிப்பட்ட பரப்பில் சீரான வெளுப்பை அப்படியே விட்டுவிடுவதே என் பரிந்துரை. சீராக மங்கிய அசல் துணிக்கு ஒரு கண்ணியம் இருக்கிறது.

கழுவிய பிறகு பழுப்பு வளையம் தோன்றியிருக்கிறது

புதிதாக ஒரு கறை விழுந்துவிட்டது என்று பதற வேண்டாம். துணிக்குள் ஏற்கனவே இருந்த அழுக்கு நீரில் கரைந்து, ஈரம் பரவிய எல்லை வரை பயணம் செய்து, நீர் ஆவியான இடத்தில் படிந்துவிட்டது, அவ்வளவே. வளையத்தின் மேல் மட்டும் மீண்டும் நீர் வைத்துத் தேய்த்தால் வளையம் சற்றுத் தள்ளிப் போய் இன்னொரு வளையமாக நிற்கும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை, அல்லது ஓரத்திலிருந்து ஓரம் வரை முழுத் துண்டையும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே சீராக ஈரப்படுத்தி, மேலே உலர்ந்த வெள்ளைத் துணியைப் படர விட்டு அழுத்தி வைத்தால், அழுக்கு பக்கவாட்டில் போகாமல் மேலேறி அந்த வெள்ளைத் துணிக்குள் வரும். துணியை மாற்றி மாற்றி வைத்து, பிறகு ஃபேன் காற்றில் விரைவாக உலர விட வேண்டும்.

கழுவாமலேயே வளையங்கள் தோன்றுகின்றனவா? அவை முன்கண்ணாடியோரத்தில், குறிப்பாக மூலைகளில் இருந்தால் கோளாறு துணியில் இல்லை, கண்ணாடியின் பீடிங் ரப்பரில் இருக்கிறது. ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர்ந்திருக்க, மற்றவர் வெளியிலிருந்து குழாய் நீரை அழுத்தமின்றி, கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மெல்ல மேலே கொண்டுபோனால் கசியும் இடம் பிடிபடும். ரப்பரைச் சரிசெய்யும் வரை துணியில் கை வைப்பது வீண். டேஷ்போர்டின் அடிப்பலகை அழுத்திய மர நாரினால் ஆனதாக இருந்தால் இந்த நீர் அதை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். உப்பிய நார்ப்பலகை காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது.

கசிவு எதுவும் இல்லாமல், ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுகளாக உள்ளிருந்து எழும்பி வந்திருந்தால் அது பழைய பசை வெப்பத்தில் இளகித் துணியில் ஏறியது. அதற்குத் துவைத்து எடுக்கும் தீர்வு இல்லை.

கண்ணாடியோரம் துணி கிளம்பி நிற்கிறது, அல்லது நடுவில் குமிழியாக உப்பியிருக்கிறது

வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 80 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். பொதுப் பயன்பாட்டுக்கு விற்கும் பல ஸ்பிரே பசைகள் அதற்கு வெகு முன்பே இளகிவிடுகின்றன. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விட்டுப்போனது பசையா, ஃபோமா என்பது. கிளம்பிய ஓரத்தை விரல் நுனியால் சற்றே உயர்த்தி உள்ளே பார்க்க வேண்டும். துணியின் அடிப்பக்கம் சுத்தமாகவும், பலகையில் கண்ணாடி போல் இறுகிய பழுப்புப் படலமும் தெரிந்தால் பசைதான் செத்திருக்கிறது. இருபுறமும் மாவு போன்ற மஞ்சள் பொடி ஒட்டியிருந்தால் ஃபோம் சிதைந்துவிட்டது. காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் பாலியூரித்தேன் ஃபோமைப் பல பத்தாண்டுகளில் இப்படித்தான் உதிர்த்துவிடும்.

பசை மட்டும் என்றால் சரிசெய்ய முடியும். இறுகிய பழைய படலத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி எடுத்து, தூளை உறிஞ்சிவிட்டு, காரின் உட்கூரைத் துணிகளுக்கென்று விற்கும் உயர்வெப்பப் பசையைப் பலகையிலும் துணியின் அடியிலும் மெல்லியதாகப் பூசி, விரல் வைத்தால் நூல் இழுக்காத அளவுக்கு உலரும் வரை காத்திருந்து, பின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் அழுத்த வேண்டும். இந்தக் காத்திருப்புதான் வேலையின் உயிர்: ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பசை நெசவு வழியாக மேலேறி, ஒருபோதும் போகாத கறையாகிவிடும். சுருங்கிய துணி கண்ணாடி விளிம்பை எட்டாமல் அரை சென்டிமீட்டர் குறைந்தால் இழுத்து நீட்ட ஆசை வரும். நூல் சோதனையில் நன்றாகத் தேறிய துணியை மட்டும், ஹேர் டிரையரின் மிதச் சூட்டில் தளர்த்தி இழுக்கலாம். தேறாத துணியின் இடைவெளியை மெல்லிய ஓரப் பட்டை ஒன்றால் மறைப்பது அறிவுடைமை.

குமிழி நடுவில் இருந்தால் ஓரம் வரை பிரிக்கத் தேவையில்லை. மெல்லிய ஊசி பொருத்திய மருத்துவ ஊசிக்குழலை இரு நூல்களுக்கு இடையே நுழைத்து, மிகக் குறைந்த அளவு பசையை விட்டு, மெழுகுத்தாள் வைத்து அதன் மேல் மணல் பையை ஓர் இரவு வைத்தால் படிந்துவிடும். ஃபிளாக்கில் இதைச் செய்ய வேண்டாம், ஊசித்துளை தெரியும்.

ஃபோம் சிதைந்திருந்தால் மேலிருந்து செலுத்தும் எந்தப் பசையும் பொடியில்தான் ஒட்டும், பலகையில் ஒட்டாது. துணியை முழுவதும் உரித்து, பொடியைத் துடைத்து, புது ஃபோம் வைத்து மீண்டும் போர்த்துவதே வழி. துணி வலுவாக இருந்தால் அதே துணியைத் திரும்பப் பயன்படுத்த முடியும். நல்ல குஷன் வேலை தெரிந்தவருக்கு இது பழகிய வேலைதான்.

கறுப்பு அல்லது ஆரஞ்சுத் துகள்கள் டேஷ்போர்டில் கொட்டுகின்றன

டேஷ்போர்டே உதிர்கிறது என்று அஞ்சி அதைப் பிரிக்கத் தொடங்கும் முன் ஒரு சோதனை. துகள்களைத் துடைத்துவிட்டு, காற்றுத் துளைகளின் மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, புளோயரை முழு வேகத்தில் ஓட விட வேண்டும். துகள்கள் அந்தத் துணியில் சேர்ந்தால், அவை ஹீட்டர் பெட்டிக்குள் காற்றைத் திருப்பிவிடும் மடல்களில் ஒட்டிய பழைய ஃபோம். டேஷ்போர்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பளபளக்கும் தட்டைத் திட்டுகள்

கை வைக்கும் இடங்களில் மட்டும் இருந்தால் அது தோலின் எண்ணெய். மேலே சொன்ன நுரைமுறையிலேயே போகும். அல்காந்தராவில் அதற்குப் பின் உலர்ந்ததும் மென்பிரஷ்ஷால் இழையை எழுப்பிவிட வேண்டும். டேஷ்போர்டு முழுவதும் எண்ணெய் மினுமினுப்பு இருந்தால், யாரோ வினைலுக்கான சிலிக்கோன் பாலிஷைத் துணியின் மேல் அடித்திருக்கிறார்கள். சிலிக்கோனை நீர் கரைக்காது. டர்பன்டைனுக்கு மாற்றாக விற்கும் வாசனையற்ற பெயின்ட் தின்னரை வெள்ளைத் துணியில் சிறிதளவு எடுத்து, எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, நெய்த துணியில் மட்டும் ஒற்றிப் பார்க்கலாம். ஃபிளாக்கில் அது பசையையே இளக்கிவிடக்கூடும். இழை நுனிகள் உருப்பெருக்கியில் உருண்டைகளாகத் தெரிந்தால் அவை வெப்பத்தில் உருகியவை, மீளாது.

வெறுமனே நசுங்கிப் படிந்த நைலான் மயிராக இருந்தால், இஸ்திரிப் பெட்டியின் ஆவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஓரிரு விநாடிகள் காட்டி உடனே பிரஷ் செய்தால் எழுந்து நிற்கும். அல்காந்தராவுக்கு ஆவி வேண்டாம். ரேயான் இழையிலும் வேண்டாம், ஈரத்தில் ரேயான் வலுவிழக்கும்.

ஃபிளாக்கில் சொட்டை விழுந்திருக்கிறது

ஆலையில் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் நீள இழைகளை உயர் மின்னழுத்தப் புலத்தில் செலுத்தி, பசையில் செங்குத்தாக நடுகிறார்கள். வீட்டில் கைப்பம்ப்பால் தூவும் இழைகள் அந்த ஒழுங்கில் நிற்பதில்லை. எனவே நகக்கண் அளவுச் சொட்டைக்குக் கைமுறை போதும். அதைவிடப் பெரிதானால் டேஷ்போர்டைக் கழற்றி மின்புல ஃபிளாக் செய்யும் பட்டறைக்குக் கொடுப்பதே சரி. சிறு சொட்டைக்கு, பழைய பசையைச் சுரண்டி, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இழையின் நிறத்திலேயே உள்ள பசையைப் பூசி, தேவைக்கு இரு மடங்கு இழையைத் தூவி, டேப்பை எடுத்துவிட்டு, 24 மணி நேரம் தொடாமல் விட்டு, எஞ்சியதை உறிஞ்சிவிட வேண்டும். டேப்பைப் பசை இறுகும் முன்னரே எடுத்துவிடுவது முக்கியம். பிறகு எடுத்தால் ஓரத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

பூசண வாடை, புள்ளிகள், ஒட்டும் படலம்

பூசணப் புள்ளிகளை ஈரத்துணியால் தேய்ப்பது வித்துகளைப் பரப்பும். முதலில் கதவுகளைத் திறந்து நன்கு உலர விட்டு, மாஸ்க் அணிந்து, ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவத்தால் உறிஞ்சி, பிறகு சாயச் சோதனையில் தேறிய துணியில் 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒற்ற வேண்டும். வாடை மட்டும் தொடர்ந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஒலித்தடுப்புக் கம்பளத்தையும், இலைதழை அடைத்துக்கொண்ட காற்றுப் பெட்டியின் வடிகாலையும் பார்க்க வேண்டும். வாசனைத் தெளிப்பான்கள் இதில் எதற்கும் விடையல்ல.

வாடை பூசணமாக இல்லாமல் இனிப்பாக இருந்து, காற்றுத் துளையருகே துணி பிசுபிசுத்து, முன்கண்ணாடியின் உட்புறத்திலும் எண்ணெய் போன்ற மூட்டம் படிந்தால், ஹீட்டரின் ரேடியேட்டர் கசிந்து கூலன்ட் ஆவி வருகிறது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். கசிவை நிறுத்திய பின்னரே, கையுறையுடன் வெந்நீரில் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நூல் பொடியாகிறது, மாற்றுவதைத் தவிர வழியில்லை

உரிக்கும் முன் ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு தையலையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய துணியை முடிந்தவரை துண்டாகாமல் கழற்றி, காகிதத்தில் பரப்பி, ஒவ்வொரு துண்டிலும் மேல் எது, ஓட்டுநர் பக்கம் எது என்று குறித்தால் அதுவே வெட்டுவதற்கான அச்சு. ஆனால் அது சுருங்கியிருக்கும் என்பதால் அளவைப் பலகையில் வைத்து மறுமுறை சரிபார்த்து, சுற்றிலும் 3 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். மயிர்த் துணியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் எதிர்க்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே பக்கம் படியும்படி வெட்டாவிட்டால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். பழைய துணியில் மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ, மறைவாக இருந்த அந்த ஒரு விரல் அகலத்தில் தடவிப் பார்த்து, அதே பக்கம் புதியதையும் வைக்க வேண்டும். மேலே வெயில்பட்ட பகுதியில் மயிர் திசை மாறிப் படிந்திருக்கக்கூடும் என்பதால் அதை நம்ப வேண்டாம். வெட்டி வீசிய பழைய துணியில் நிறம் கெடாத ஒரு துண்டை உறையிலிட்டு வைத்துக்கொண்டால், புதுத் துணி தேடும்போது கடைக்காரரிடம் நிறத்தை வாயால் விவரிக்கத் தேவையிருக்காது.